கடைமடைக்குத் தண்ணி வருதுங்களா?

எங்கள் மாமா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால் ஷட்டரை ஏற்றி இறக்குவது, கரையில் உடைப்பு கண்டிருக்கிறதா என்று நடந்து பார்ப்பது, கேஜ் கல்லில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று குறித்து வைப்பது, இதுதான் லஸ்கர் வேலை. ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டு 6,400 ஏக்கர். காரப்பட்டி, பெரியணை, பள்ளிவிளங்கால், அரியாபுரம், வடக்கலூர் என்று ஐந்து வாய்க்கால். ஆனைமலையைச் சுற்றி அந்தக் கரைகளில் அவர் நடக்காத இடம் கிடையாது. அப்படி நடந்த கால்தான் எழுபது வயதில் தகராறு செய்தது. வீட்டிலிருந்து மாசாணியம்மன் கோயிலுக்குப் போகப் பாதி வழியில் இடது கெண்டைக்கால் கல்லாக இறுகும். நிற்பார். இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். மறுபடி நடப்பார். ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும்.

"நரம்பு இழுக்குது மாப்ளே. வயசாச்சில்ல" என்பார்.

இரண்டு வருடம் எண்ணெயும் தைலமும் தேய்த்ததில் போனது. பிறகு செருப்பு கடித்துக் கட்டைவிரலில் ஒரு புண். சர்க்கரைக்காரர் வேறு. ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லை என்றதும்தான் பொள்ளாச்சி டாக்டர் சீட்டில் எழுதினார்: இரண்டு காலுக்கும் டாப்ளர் ஸ்கேன்.

அந்த இரண்டு வருடத்தை விழுங்கியதில் 'நரம்பு' என்ற சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி. தமிழில் நாம் எதைத்தான் நரம்பு என்று சொல்லவில்லை? மூளையிலிருந்து சேதி கொண்டு போவது நரம்பு. ஊசி போட நர்ஸ் தேடுவதும் நரம்பு. உண்மையில் அது சிரை. கோபத்தில் கழுத்தில் புடைப்பது நரம்பு, அதுவும் சிரை. காலில் நீலமாகச் சுருண்டு கிடந்தால் 'நரம்பு சுருட்டிக்கிச்சு'. இத்தனையிலும் இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனிக்கு மட்டும் பேச்சு வழக்கில் பெயரே இல்லை. அது ஆழத்தில் ஓடுகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. 'தமனி' என்பதைப் பாடப் புத்தகத்தோடு விட்டுவிட்டோம். பெயரில்லாத ஒன்றில் அடைப்பு வந்தால் அதைப் போய் டாக்டரிடம் எப்படிச் சொல்வது? மாமாவும் நரம்பு என்றார், மெடிக்கலில் நரம்பு மாத்திரை கொடுத்தார்கள்.

அவர் சொன்ன குறியை மட்டும் கவனித்திருந்தால் போதும். நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வருகிறது. வேலை செய்யும் தசைக்குத் தேவை கூடும்போது வரத்து போதவில்லை என்று அர்த்தம். வெள்ளகோவில் பக்கத்துக் கடைமடை விவசாயி இதைக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொள்வார்.

ஸ்கேன் அறையில் பாதி இருட்டு. மாமா வேட்டியைத் தொடை வரை ஏற்றிக்கொண்டு படுத்தார். துணைக்கு நானும் அத்தையும். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். "சில்லுன்னு இருக்குமுங்க ஐயா" என்று சொல்லி ஜெல்லைப் பிதுக்கினார். இந்த ஜெல்லுக்கு மருந்துக் குணம் ஒன்றும் கிடையாது. ஸ்கேன் கருவியின் புரோபுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு மயிரிழை காற்று இருந்தாலும் கேளா ஒலி உள்ளே நுழையாமல் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். அந்த இடைவெளியை அடைப்பதுதான் ஜெல்லின் வேலை.

முதலில் வலது தொடை இடுக்கு. ஸ்பீக்கரிலிருந்து சாட்டையைச் சொடுக்கியது போல ஒரு சத்தம், அதை ஒட்டியே சின்னதாக ஒரு பின்தட்டு. விசுக்-டப். விசுக்-டப். மாமா தலையைத் தூக்கினார்.

"இதென்ன சத்தமுங்க அம்மிணி?"

"உங்க ரத்தம் ஓடற சத்தமுங்க ஐயா."

நோயாளிக்குச் சொல்ல இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் ரத்தம் அப்படிச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுவதில்லை. நாம் கேட்டது ஒரு கழித்தல் கணக்கின் விடை.

புரோப் அனுப்பும் ஒலி வினாடிக்கு 50 லட்சம் அதிர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதக் காதுக்கு எட்டுவது அதிகபட்சம் 20,000. அந்த ஒலி உடலுக்குள் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போய்ச் சிவப்பணுக்கள் மேல் மோதிச் சிதறித் திரும்புகிறது. ஒரு சிவப்பணுவின் அகலம் 7, 8 மைக்ரோமீட்டர்தான். அந்த ஒலியின் அலைநீளமோ 0.3 மில்லிமீட்டர். தனி ஒரு அணுவின் எதிரொலி கணக்கிலேயே வராது. ஆனால் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஐம்பது லட்சம் அணுக்கள் இருக்கின்றன. தேர்க்கூட்டத்தின் இரைச்சல் போல, எல்லாம் சேர்ந்து ஓர் எதிரொலி தருகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் கூட்டம் என்பதால் எதிரொலியின் அதிர்வெண் அனுப்பியதைவிடக் கொஞ்சம் மாறி வருகிறது. நம்மை நோக்கி ஓடினால் கூடும், விலகி ஓடினால் குறையும். வந்ததிலிருந்து போனதைக் கழித்து, மிச்சத்தை இயந்திரம் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ரத்தம் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடி, ஒலிக்கற்றை அதை 60 பாகை சாய்வில் சந்தித்தால், மிச்சம் சுமார் 3,200. ஏறக்குறைய ஒரு விசிலின் சுருதி. நம் காதுக்கென்றே யாரோ அளந்து வைத்தது போலத் தோன்றும், எல்லாம் தற்செயல்தான்.

இந்தக் கணக்குக்குப் பெயர் கொடுத்த கிறிஸ்டியன் டாப்ளர் ரத்தத்தைப் பற்றி யோசித்தவரே அல்ல. 1842இல் பிராக் நகரில் அவர் படித்த கட்டுரை இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றியது. விண்மீன் நம்மை நோக்கி வந்தால் ஒரு நிறம், விலகினால் ஒரு நிறம், அதனால்தான் வானத்தில் இத்தனை வண்ணம் என்றார். விண்மீன் நிறத்துக்கு அவர் சொன்ன காரணம் தவறு. அது பெரும்பாலும் வெப்பநிலையைப் பொறுத்தது. அடிப்படைக் கொள்கை மட்டும் அப்பழுக்கில்லாமல் சரி. தவறான கேள்விக்குச் சரியான விடை எழுதியவர்கள் அறிவியலில் நிறையப் பேர். அவர்களில் இவருக்குத்தான் முதல் வரிசை. 1845இல் நெதர்லாந்தின் பாய்ஸ் பாலட் இவரை மறுக்கப் புறப்பட்டார். உட்ரெக்ட் அருகே ரயில் வண்டியில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி ஓடவிட்டு, தண்டவாளத்தோரம் சுருதி ஞானமுள்ளவர்களை நிற்கவைத்துக் கேட்கச் சொன்னார். வண்டி வரும்போது சுருதி ஏறியது, தாண்டிப் போனதும் இறங்கியது. மறுக்கப் போனவரே நிரூபித்துவிட்டு வந்தார். பொள்ளாச்சி ரோட்டில் ஹாரனை அழுத்தியபடி கடக்கும் பஸ் இந்தப் பரிசோதனையைத் தினமும் நமக்கு இலவசமாகச் செய்து காட்டுகிறது.

ஆனைமலையில் இதைவிடப் பழைய டாப்ளர் நிபுணர்கள் உண்டு. வால்பாறை மேட்டு நிலத்தின் தேயிலை, காப்பித் தோட்டங்களிலும் இடையிடையே தப்பித்திருக்கும் காட்டுத் துண்டுகளிலும் ஆய்வாளர்கள் வௌவால்களின் குரலைக் கருவிகளில் பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றில் குதிரை லாடம் போல மூக்கு மடல் கொண்ட இனங்களும் உண்டு. இவற்றில் ஒருவகை 80,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒரே சுருதியை நீட்டிப் பிடித்துக் கத்தும். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பறக்கும்போது, எதிரே இருக்கும் மரத்திலிருந்து திரும்பும் எதிரொலி 2,300 ஹெர்ட்ஸ் வரை கூடி வரும். வௌவாலின் காது கூர்மையாக இருப்பதோ ஒரே ஒரு சுருதியில். என்ன செய்யும்? பறக்கும் வேகத்துக்குத் தக்கபடி தன் குரலை இறக்கிக்கொள்ளும். எதிரொலி கச்சிதமாகக் காதின் சுருதியில் வந்து விழும். ஜெர்மானியரான ஷ்னிட்ஸ்லர் இதை 1968இல் கண்டு சொன்னார். அசையாத மரம் ஒரே சுருதியில் நிற்க, சிறகடிக்கும் பூச்சி மட்டும் அந்தச் சுருதியைக் கலைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அசையாத தசைக்கு நடுவே ஓடும் ரத்தத்தை டாக்டரம்மா தேடுவதும் இதே முறையில்தான்.

மனிதர்களில் இதை உடலுக்குள் முதலில் முயன்றவர்களில் ஒசாகாவின் ஷிகெயோ சட்டொமுரா முக்கியமானவர். 1950களின் பின்பாதியில் துடிக்கும் இதயத்தை நோக்கிக் கேளா ஒலியை அனுப்பி, திரும்பி வந்த இரைச்சலைக் கேட்டார். அடுத்து ரத்தக் குழாய்களுக்கு வந்தார். 1960இல், நாற்பதைத் தாண்டியவுடனேயே இறந்துபோனார். அவர் கையில் இருந்தது காது மட்டும்தான், கண் இல்லை. சத்தம் வரும், எந்தக் குழாயிலிருந்து, எந்த ஆழத்திலிருந்து என்று தெரியாது. அமெரிக்காவில் சியாட்டிலில் ஸ்ட்ராண்ட்னெஸ் என்ற அறுவை மருத்துவரும் டொனால்ட் பேக்கர் என்ற பொறியாளரும் அவர்களுடைய குழுவும் 1970களில் படத்தையும் சத்தத்தையும் ஒரே கருவியில் சேர்த்தார்கள். ஒலி 1 சென்டிமீட்டர் ஆழம் போய்வர 13 மைக்ரோ வினாடி ஆகும். அப்படியானால் 39ஆவது மைக்ரோ வினாடியில் வருவதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதுக்குக் கதவைச் சாத்திவிட்டால், 3 சென்டிமீட்டர் ஆழத்துச் சேதி மட்டும் கிடைக்கும். நேரம் பார்த்து ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கர் வேலைதான்.

வண்ணம் வந்தது 1980களில், ஜப்பானில். கசாயும் கூட்டாளிகளும் செய்த வேலை. வண்ணத்தால் விளைந்த நன்மை பெரிது. கூடவே ஒரு மயக்கமும் வந்தது. திரையில் சிவப்பும் நீலமும் தோன்றியதும் மாமா கேட்டார்: "செவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தமுங்களா?"

இதை மாமா மட்டும் கேட்பதில்லை. பள்ளிப் படத்தில் தமனிக்குச் சிவப்பும் சிரைக்கு நீலமும் அடித்துப் பழகியவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். டாக்டரம்மா பேசாமல் புரோபை அப்படியே எதிர்ப்பக்கம் சாய்த்தார். சிவப்பாக இருந்த குழாய் நீலமானது, நீலமாக இருந்தது சிவப்பானது. ரத்தம் மாறவில்லை. வழக்கமான அமைப்பில், புரோபை நோக்கி வருவதற்குச் சிவப்பு, விலகிப் போவதற்கு நீலம். அவ்வளவே.

"வர்ற தண்ணி, போற தண்ணி" என்றார் மாமா. "கரையில நாம நிக்கற எடத்தப் பொறுத்து."

சாய்வைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். டாப்ளரின் உயிரும் அங்கேதான், பிழையும் அங்கேதான். ஒலிக்கற்றை குழாய்க்கு நேர் செங்குத்தாக விழுந்தால், ரத்தம் வருவதும் இல்லை, போவதும் இல்லை, குறுக்கே கடக்கிறது. அதிர்வெண் மாற்றம் பூஜ்யம். நன்றாக ஓடும் குழாயிலேயே 'ஓட்டம் இல்லை' என்று திரை காட்டும். அதனால் கற்றையைச் சாய்த்து, 60 பாகையோ அதற்குக் குறைவாகவோ வைத்துக்கொண்டு, இந்தச் சாய்வில்தான் பார்க்கிறேன் என்று இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். இயந்திரமாக அதைக் கண்டுபிடிக்காது. திரையில் சின்னக் கோடு ஒன்றைக் குழாய்க்கு இணையாகத் திருப்பி வைப்பது டாக்டரின் விரல். 60 பாகையில் 5 பாகை பிசகினால் வேகத்தில் சுமார் 15 விழுக்காடு பிழை வரும். 80 பாகையில் அதே 5 பாகை பிசகினால் வேகம் பாதியாகவோ இரண்டு மடங்காகவோகூடத் தெரியலாம். ஒரே காலுக்கு இரண்டு ஊரில் இரண்டு ரிப்போர்ட் வந்தால், 'மிஷின் சரியில்லை' என்கிறோம். பெரும்பாலும் பழி அந்தக் கோட்டைத்தான் சேரும். பெரிய மிஷின் வந்திருக்கிறதா என்று விசாரிப்பவர்கள் பார்ப்பவர் யார், எவ்வளவு நேரம் எடுத்துப் பார்ப்பார் என்று விசாரித்தால் அதில் பலன் உண்டு. இரண்டு காலையும் ஒழுங்காகப் பார்க்க அரை மணியாவது பிடிக்கும்.

இடது தொடையில் புரோப் மெதுவாக இறங்கியது. இடுக்கில் சத்தம் சரியாகத்தான் இருந்தது. பாதித் தொடை தாண்டியதும் சுருதி சட்டென்று ஏறிக் கீச்சிட்டது. திரையில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் கோலப்பொடி கொட்டியது போலக் கலைந்தன. சினிமாவில் வேகமாக ஓடும் வண்டிச் சக்கரம் பின்பக்கம் சுற்றுவது போலத் தெரியுமே, அதே ஏமாற்று. இயந்திரம் வினாடிக்கு இத்தனை தடவைதான் எட்டிப் பார்க்கிறது. அதற்குள் அடங்காத வேகம் எதிர்த்திசை நிறமாக விழுகிறது. அங்கே வேகம் தறிகெட்டுக் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

அடைப்பு இருக்கும் இடத்தில் வேகம் ஏன் கூட வேண்டும்? அத்தைக்கு இது புரியவில்லை. மாமா படுத்தபடியே விளக்கினார். அகல வாய்க்காலில் ஒரு மட்டைத் துண்டைப் போட்டால் அசைந்து அசைந்து போகும். அதே தண்ணீர் குறுகலான மதகுக்குள் நுழையும்போது மட்டை பிய்த்துக்கொண்டு பறக்கும். வரும் தண்ணீர் அவ்வளவும் அந்தச் சந்து வழியே போயாக வேண்டும், அதனால் வேகம் எடுக்கிறது. மட்டையை மிதக்கவிட்டு வேகம் பார்த்து, அதை வாய்க்காலின் குறுக்குப் பரப்பால் பெருக்கி நீரளவு சொல்வது பாசனக்காரர்களின் பழைய முறை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் கேரளத்துக்குப் போக வேண்டும். இரண்டு மாநிலத்துக்கும் நடுவே அளவு என்பது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று அந்தத் துறையில் இருந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது ஆற்று நீரையும் டாப்ளர் கருவியைப் படகில் கட்டி அளக்கிறார்கள். அங்கே மட்டைக்குப் பதில் தண்ணீரில் மிதக்கும் மண் துகள், இங்கே சிவப்பணு.

கணக்குப்படி குழாயின் விட்டம் பாதியானால் குறுக்குப் பரப்பு கால்வாசி, ஆகவே வேகம் நான்கு மடங்காக வேண்டும். நடைமுறையில் கால் தமனியில், அடைப்புக்கு முன்னால் உள்ள வேகத்தைப் போல அடைப்பில் இரண்டு மடங்கு என்றாலே பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். உடம்பு பி.வி.சி. குழாய் அல்ல. ஒரு வழி குறுகினால் பக்கக் கிளைகளில் தண்ணீர் பிரிந்துபோய்விடும், மெயின் வழியில் ஓட்டமே குறையும். கழுத்துத் தமனிக்கு வேறு அளவு. 2003இல் அமெரிக்க நிபுணர் குழு வகுத்த வரம்புகளில் வினாடிக்கு 125 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் பெரிய அடைப்பு இல்லை, 230ஐத் தாண்டினால் 70 விழுக்காடோ அதற்கு மேலோ அடைப்பு. பக்கவாதம் வந்தவருக்கும், வரலாம் என்று பயப்படுபவருக்கும் கழுத்தை ஸ்கேன் செய்வது இதற்காகத்தான்.

கீச்சிட்ட இடத்துக்குக் கீழே கணுக்காலில் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வலது காலின் விசுக்-டப் அங்கே இல்லை. ஊஷ்... ஊஷ்... என்று களைத்த மூச்சு போல ஏறி இறங்கியது. திரையில் கூர்மையான கோபுரத்துக்குப் பதில் உருண்ட குன்றுகள். ஓய்வில் இருக்கும் நல்ல கால் தமனியில் ரத்தம் முன்னால் பாய்ந்து, ஒரு கணம் பின்வாங்கி, மறுபடி சிறிது முன்னேறும். அந்தப் பின்வாங்கல்தான் நாம் கேட்ட 'டப்'. மேலே அடைப்பு இருந்தால் கீழே உள்ள சிறு குழாய்கள் கிடைத்ததையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளத் திறந்தே கிடக்கும். பின்வாங்க அங்கே எதுவும் மிஞ்சாது.

அதன் பிறகு டாக்டரம்மா ஒரு பென்சில் டாப்ளரை எடுத்தார். படமே காட்டாது, சட்டைப் பையில் அடங்கும். கையிலும் கணுக்காலிலும் பி.பி. பட்டையைக் கட்டி, காற்றை ஏற்றிச் சத்தம் நிற்கும்வரை இறுக்கி, மெல்ல இறக்கி, சத்தம் மறுபடி கேட்கும் அழுத்தத்தைக் குறித்தார். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 1க்கு அருகே வர வேண்டும். 0.9 அல்லது அதற்குக் குறைவு என்றால் கால் தமனியில் நோய். மாமாவுக்கு 0.62. பத்து நிமிட வேலை, கணக்கு ஐந்தாம் வகுப்புப் பையன் போடுவது. என்னைக் கேட்டால், வண்ணத் திரையைவிட நம் ஊர்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது இந்தப் பென்சில்தான். ஒரு எச்சரிக்கை: பல வருடச் சர்க்கரையில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போயிருந்தால் பட்டை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் அமுங்காது. விடை 1.4க்கு மேலே போய், எல்லாம் பிரமாதம் என்று பொய் சொல்லும். அப்போது கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேரில் எத்தனை பேருடைய காலை யாராவது செருப்பு இல்லாமல் பார்த்திருப்பார்கள்?

"என்ற காலையும் பாருங்க அம்மிணி, இவருக்குச் செலவு பண்றதோட பண்ணிரலாம்" என்றார் அத்தை. சத்துணவுக் கூடத்தில் இருபது வருடம் நின்றே சமைத்தவர். முழங்காலுக்குக் கீழே பச்சை நீலத்தில் முடிச்சு முடிச்சாகப் புடைப்பு. கொங்கு நாட்டில் நின்று செய்யும் வேலைக்கா குறைச்சல்? தறி, ஸ்பின்னிங் மில், பேக்கரி, மலை மேலே கொழுந்து பறிப்பு. தமனியில் தண்ணீர் இறங்குகிறது. சிரையில் ஏற வேண்டும். மூன்று, நான்கு அடி உயரம் ஏற்றுவது கெண்டைக்கால் தசை என்ற பம்பு. ஏறியது கீழே விழாமல் பிடிப்பது வழிநெடுக உள்ள வால்வுகள். இந்த வால்வுகள் ரத்தத்தை ஒரே பக்கம்தான் விடும் என்று வில்லியம் ஹார்வி 1628இல் முன்கையில் பட்டையைக் கட்டி, விரலால் அழுத்தியே காட்டிவிட்டார்.

நோயாளியைப் படுக்கவைத்து வால்வு கசிகிறதா என்று பார்த்தால் பிடிபடாமல் போகலாம். டாக்டரம்மா அத்தையை நிற்கவைத்தார். கெண்டைக்காலைக் கையால் ஒரு பிடி பிழிந்தார். திரையில் நீலம் மேலே ஓடியது. கையை விட்டார். வால்வு நன்றாக இருந்தால் அங்கே இருட்டு விழ வேண்டும். அதற்குப் பதில் சிவப்பு இறங்கியது, இரண்டு வினாடிக்கும் மேலாக. அரை வினாடியைத் தாண்டினாலே தோலடிச் சிரையில் வால்வு கசிகிறது என்று கணக்கு.

சிரையில் இன்னொரு ஆபத்து உண்டு. பெரிய அறுவைக்குப் பிறகு, பிரசவத்துக்குப் பிறகு, நாள் கணக்கில் படுக்கையில் கிடந்த பிறகு, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் ஆழச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இதைக் கண்டுபிடிக்கும் முக்கிய சோதனையில் டாப்ளரும் இல்லை, வண்ணமும் இல்லை என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். புரோபால் சிரையை அழுத்துவார்கள். வெறும் சிரை ஈரக் காகிதக் குழாய் போலச் சப்பையாகிவிடும். உள்ளே கட்டி இருந்தால் அமுங்காது. முடிந்தது சோதனை.

டயாலிசிஸ் செய்பவரின் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்த ஃபிஸ்டுலாவில் போதுமான ஓட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதும் டாப்ளர்தான். வயிற்றுக்குள் சரியாக வளராத சிசுவின் தொப்புள்கொடியில் ரத்தம் பின்னோக்கிப் போகிறதா என்று பார்ப்பதும் இதுதான். அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும். துண்டான விரல்களை ஒட்டவைப்பதில் பேர் வாங்கிய கங்கா மருத்துவமனை கோவையில்தான் இருக்கிறது. இந்த வகை அறுவை மருத்துவர்கள் ஓரிடத்துச் சதையை எடுத்து இன்னோரிடத்தில் வைக்கும் முன், பென்சில் டாப்ளரால் தோலைத் தடவி, சத்தம் கேட்கும் புள்ளியில் மார்க்கர் பேனாவால் குறி போடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். கிணறு வெட்ட நீரோட்டம் பார்ப்பவரைப் போலத் தோன்றும். வித்தியாசம், இவர் கேட்பது உண்மையான ஓட்டத்தை.

ஸ்கேன் அறைச் சுவரில், கருவின் பாலினம் சொல்லப்படாது என்ற பலகை இருந்ததை மறக்கவில்லை. எழுபது வயது ஆணின் காலைப் பார்க்கும் இயந்திரத்துக்கும் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். தூக்கிச் செல்லும் ஸ்கேன் மிஷினை நினைத்த ஊருக்கு எடுத்துப்போகக் கூடாது என்றும் விதி இருக்கிறது. இதனால் மலைமேல் இருப்பவர் காலைக் காட்டக் கீழே இறங்கி வர வேண்டியிருக்கிறது என்று மருத்துவர்கள் குறைப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்த மாநிலம் இது. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாமாவின் கதைக்கு வருகிறேன். புண்ணும் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் காத்திருக்க வேண்டாம் என்று கோவையில் தொடைத் தமனியைப் பலூன் வைத்து விரித்தார்கள். மறுவாரம் அதே கணுக்காலில் டாப்ளர் வைத்தபோது விசுக் என்ற சத்தம் திரும்பியிருந்தது. பின்தட்டு மட்டும் சரியாக வரவில்லை. "கடைமடைக்குத் தண்ணி வருதுங்களா?" என்று கேட்டார். வருகிறது என்றார் டாக்டர். புண் ஏழு வாரத்தில் ஆறியது. நாற்பது வருட பீடியை விட்டார். எனக்குத் தெரிந்து இரண்டு முறை திருட்டுத்தனமாகப் பிடித்தார். ஆறாம் மாத ஸ்கேனில் அதே இடத்தில் வேகம் மறுபடி இரண்டரை மடங்கு காட்டியிருக்கிறது. விரித்த இடம் மறுபடி சுருங்குவது அடிக்கடி நடப்பதுதான். தினமும் வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது கோயில் வரை ஒரே ஒருமுறை நின்று போகிறார்.

சித்த மருத்துவ நூல்கள் நாடி பார்க்கும் இடங்களில் காலையும் சேர்த்தே சொல்கின்றன. நாம்தான் மணிக்கட்டோடு நிறுத்திவிட்டோம். இன்று இரவு படுக்கும் முன் உங்கள் வீட்டுச் சர்க்கரைக்காரரின், பீடி சிகரெட் பிடிப்பவரின் காலைத் தொட்டுப் பாருங்கள். பாதத்தின் மேல்பக்கம், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேர் மேலே ஓரிடம். உள்பக்கக் கணுக்கால் முண்டுக்குப் பின்னால் ஓரிடம். இரண்டு விரலை லேசாக வையுங்கள், அழுத்த வேண்டாம். சிலருக்குப் பிறவியிலேயே மேல்பாதத்தில் துடிப்பு தட்டுப்படாது, அதனால் இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் துடிப்பு இல்லையென்றால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். 'நரம்பு' என்று சொல்லாதீர்கள். எத்தனை அடி நடந்தால் பிடிக்கிறது, எத்தனை நிமிடம் நின்றால் விடுகிறது என்று சொல்லுங்கள்.